தாத்தா வீட்டைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

திண்ணைப்பேரன் | ஞாயிறு, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறவன். இன்று முதல்முறையாக ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. கையில் உள்ள பழைய பத்திரம் 1911-ல் எழுதியது. அதிலேயே "மேற்படி மனையும் வீடும்" என்று வருவதால் வீடு அதற்கும் முந்தையது. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் ரேழி, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி தாழ்வாரம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் தளம், முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. மழை பெய்தால் ஓட்டு வாய் ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் ஒரே இடத்தில் விழும். நூறு வருஷமாக விழுந்து விழுந்து, முற்றத்துக் கருங்கல்லில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். சின்ன வயதில் அந்தக் குழிகளில்தான் புளியங்கொட்டை போட்டு விளையாடுவோம்.

தாத்தா உயில் எழுதவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. பெரியப்பா மகன், என் அண்ணன், புரமோட்டர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அண்ணன் கெட்டவர் இல்லை, அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், செலவு இருக்கிறது. ஆனால் அந்த வீடு இடிபடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். அண்ணன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள், அவரிடம் சொல்லாமலே, வீட்டைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் மனு கொடுக்கலாமா? பட்டியலில் ஏறிவிட்டால் வீடு தப்பித்துவிடுமா?

கருப்புக்கோட்டு | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, முதலில் உரிமை யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அத்தைகள் இருக்கிறார்களா? நீங்கள் எழுதியதில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுகள் தாங்களாகப் பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று 23-ஆம் பிரிவு இருந்தது. 2005 திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே நடக்கிற விஷயம் மட்டும் இல்லை இது.

இரண்டாவது, பட்டியலில் ஏறுவதால் பட்டா மாறாது, பங்கு மாறாது, விற்கவும் தடை வராது. வாங்குகிறவர் அந்தக் கட்டுப்பாட்டோடு வாங்குகிறார், அவ்வளவுதான். "பட்டியலில் போட்டால் அண்ணன் விற்க முடியாது" என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு சட்டங்கள் உண்டு. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவுப்படி, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அவர் வந்து உங்களோடு கூட்டாகக் குடியேற உரிமை கிடையாது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, குடும்பத்தில் உள்ள பங்குதாரர் "அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். நீதிமன்றம் மதிப்புப் போட்டு, உங்களுக்கே விற்கச் சொல்லும். 130 வருஷத்துச் சட்டம், கேள்விப்படாமலே பங்கை இழந்தவர்கள் நிறையப் பேர்.

காரைக்கரண்டி | திங்கள், காலை 6.48

வணக்கம் தம்பி. பழைய கட்டட வேலையில் முப்பது வருஷம் இருந்தவன். சட்டம் வக்கீல் ஐயா சொல்லட்டும், பட்டியல் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1897-ல் கட்டியது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது நீதிமன்றத்தின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அது வீடுகளைக் காப்பாற்றப் போட்ட பட்டியலே இல்லை. பழைய கட்டடங்களை மறைக்கும் விளம்பரப் பலகைகளை அகற்றுவதற்காக நீதிபதி பத்மநாபன் குழு எடுத்த கணக்கு, 467 கட்டடங்கள். அவற்றைத் தொடக்கூடாது, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பலகை எடுக்கப் போட்ட கணக்கு ஊருக்கே அரணானது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்த இன்ஷூரன்ஸ் கட்டடம் இடிபடவில்லை. எடுத்துக் கட்டப்படவும் இல்லை. தீர்ப்புக்குப் பிறகும் வருஷக்கணக்கில் கூரை இல்லாமல், செடி முளைத்து நின்றது. தடை உத்தரவு சுவரைத் தாங்காது தம்பி. வீட்டில் ஆள் இருந்து, மழைக்கு முன்னால் மாடி ஏறி நீர்வாயில் கிடக்கும் சருகை அள்ளிப் போட்டால்தான் சுவர் நிற்கும்.

2012-ல் மாநிலம் முழுவதற்குமாகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் போன வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஒன்று கேட்கிறேன், முற்றத்துக் குழிகளைப் படம் எடுத்துப் போட முடியுமா? ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று அளந்தும் சொல்லுங்கள்.

கூடத்துஊஞ்சல் | திங்கள், காலை 9.20

எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அதில் இருப்பவர்களைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் இதே மாதிரி வீட்டில்தான் நான் வாழ்ந்தேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். கழிப்பறை கொல்லையில். ராத்திரி அம்மா எழுந்தால் இரண்டு கட்டு தாண்டி, மூன்று வாசற்படி ஏறி இறங்கிப் போக வேண்டும். ஒரு மழை நாளில் முற்றத்து ஓரத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. உள்ளேயே ஒரு குளியலறை கட்டலாம் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டால், இந்த வீடு பட்டியலில் வரலாம் என்று பேச்சு இருக்கிறது, முடிவாகட்டும் என்றார்கள். எழுதியும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பதினாலு மாதம் போனது. அதற்குள் அம்மாவே போய்விட்டார்.

இடிக்கக்கூடாது என்று சொல்ல எல்லாரும் வருகிறார்கள். ஓடு மாற்ற யார் வருகிறார்கள்? திண்ணைப்பேரன், நீங்கள் அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறீர்களா? யார் இருக்கிறார்கள் அங்கே?

திண்ணைப்பேரன் | திங்கள், பிற்பகல் 1.15

மேடம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. வீட்டில் இப்போது இருப்பது அத்தை மட்டும்தான். வயது 78. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் திரும்பி வந்தவர், அங்கேயே இருந்துவிட்டார். நான் வேளச்சேரியில் அடுக்குமாடியில் இருக்கிறேன்.

வக்கீல் ஐயா கேட்டபோதுதான் உறைத்தது. வீட்டைப் பற்றி அவ்வளவு எழுதினேன், அத்தையைப் பற்றி எழுதவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

கருப்புக்கோட்டு | திங்கள், பிற்பகல் 1.40

அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு அத்தைக்கு இருக்க வாய்ப்பு அதிகம். மனுவை விடுங்கள், இன்று மாலை அத்தை வீட்டுக்குப் போங்கள்.

பத்தாவதுபங்கு | திங்கள், மாலை 5.32

செட்டிநாட்டுக்காரி நான். எங்கள் பக்கம் வீடு போவது வேறு மாதிரி. இடிக்க மாட்டார்கள், கழற்றுவார்கள்.

எங்க ஐயா கட்டிய வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் சேர்த்து ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவு என்கிற முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை. எண்பது வருஷத்தில் பங்காளிகள் பெருகிப் பெருகி இப்போது சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்றே தெரியாது. விசேஷத்துக்குத்தான் கூடுவோம். ஒரு வருஷம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் போனால், இரண்டாங்கட்டில் நான்கு பர்மா தேக்குத் தூண் இல்லை. அடிக்கல் மட்டும் நிற்கிறது, கருங்கல்லில் தூண் உட்கார்ந்திருந்த வட்டம் மட்டும் வெளுப்பாக. தன் பங்குக்கு வந்ததை ஒரு பங்காளி விற்றுவிட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளை ஒரு நடை பார்த்தால் தெரியும், எத்தனை வீட்டு நிலைக்கதவு அங்கே சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் ஏறின. ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆனால் உத்தேசப் பட்டியல் என்பது அரசு "இதை முன்மொழிய நினைக்கிறோம்" என்று சொல்வது. அதனால் ஒரு தூணுக்கும் காவல் கிடையாது. பெரிய பட்டியலை எதிர்பார்த்துச் சின்னப் பட்டியலை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உள்ளூர் ஆணை, உள்ளூர் அலுவலகம், கேட்டைத் தட்டி வந்து பார்க்கிற ஆள் இதெல்லாம் இருக்கிற பட்டியல்தான் வீட்டுக்கு உதவும்.

இன்னொன்று தம்பி. உங்கள் வீட்டில் பங்குதாரர் மூன்று கிளைதான். எங்கள் வீட்டோடு ஒப்பிட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அண்ணனுக்குத் தெரியாமல் மனு கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படித்தான் செய்தார், நல்ல எண்ணத்தில்தான். அதற்கப்புறம் மற்றவர்கள் பழுதுக்குப் பணம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். "அவனுக்கு வேணும்னா அவன் பாத்துக்கட்டும்." ஒரே வார்த்தை, மூன்று மழைக்காலத்தில் மேற்குப் பக்கத் தாழ்வாரம் இறங்கிவிட்டது.

காரைக்கரண்டி | திங்கள், இரவு 8.10

ஆச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். உரிமையாளர் எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் பட்டியல் என்று வைத்தால் எந்த ஊரிலும் பட்டியலே இருக்காது. அந்த 467 கட்டடங்களின் உரிமையாளர்களைக் கேட்டுவிட்டா கணக்கு எடுத்தார்கள்? தெரு அழகு தெருவுக்குச் சொந்தம். அதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கும் அதில் ஒரு சொல் இருக்கிறது.

பத்தாவதுபங்கு | திங்கள், இரவு 8.31

பெரிய கட்டடத்துக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணா. குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்குச் சரி வராது. ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது என்றால் ஊருக்கு ஒரு பங்குச் செலவும் இருக்க வேண்டும்.

பெரியவாய்க்கால் | செவ்வாய், காலை 7.25

அந்தப் பங்குச் செலவு நடந்த ஒரு தெரு புதுச்சேரியில் இருக்கிறது. நான் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி என்றால் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வீடுகளைத்தான் படம் எடுக்கிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. இங்கே வீட்டு வாசலில் தெருவோரமாகவே மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரம் இருக்கும். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. அதற்குப் பின்னால்தான் திண்ணை. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடு, மேல்மாடி பிரெஞ்சு வீடு. வைசியாள் வீதியில் வரிசையாக இப்படி வீடுகள் இருந்தும், அடைத்தும் மறைத்தும் கிடந்தன. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நவ் சுர் லோத் நகரங்களோடு சேர்ந்து அந்தத் தெருவை எடுத்தார்கள். இன்டாக் ஆட்கள் வேலை பார்த்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

அதில் நான் கவனித்தது விருதை அல்ல. முதல் சில வீடுகளில் தாழ்வாரம் திரும்பி வந்ததும், எதிர் வீட்டுக்காரர் தாமாக வந்து "எங்க வீட்டுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று பழைய படத்தை எடுத்துக் காட்டினாராம். எங்கள் பெரியம்மா சொல்லி நான் கேட்டது. ஒரு வீட்டைத் தனியாகப் பட்டியலில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஐந்து மாடி எழும்பினால் அந்த வீட்டு முற்றத்தில் வெயிலே விழாது. திண்ணைப்பேரன், உங்கள் தெருவில் இன்னும் எத்தனை பழைய வீடு நிற்கிறது? அவர்களோடும் பேசுங்கள்.

எங்கள் ஊரிலும் நஷ்டம் நிறைய. 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம், பழைய நகராட்சிக் கட்டடம், அப்படியே சரிந்து விழுந்தது. எல்லாருக்கும் தெரிந்த கட்டடம், அரசுக் கட்டடம், பழுது என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இப்போது கடற்கரையில் நடந்துபோகிற பிள்ளைகளுக்கு அது பழைய கட்டடம் மாதிரிதான் தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்த அன்று தெருவில் கிடந்த செங்கல் தான் ஞாபகம்.

தேக்காவாசி | செவ்வாய், காலை 10.02

சிங்கப்பூரிலிருந்து. இங்கே லிட்டில் இந்தியா என்கிற தேக்காவைத் தெருத்தெருவாகப் பாதுகாப்புப் பகுதி என்று 1989-ல் அறிவித்தார்கள், சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் கூடவே. பெரியவாய்க்கால் சொன்னதைத்தான் சட்டமாகச் செய்தார்கள். முடிந்தவரை அப்படியே வைத்திரு, மீட்டெடுப்பதைப் பக்குவமாகச் செய், பழுதைக் கவனமாகப் பார் என்பது இங்கே விதி. உள்ளே கடை வைக்கலாம், ஓட்டல் வைக்கலாம். முகப்பும், வாசலோர நடைபாதையான ஐந்தடிப் பாதையும், கூரையும் மாறக்கூடாது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் அங்கே மாடியில் குடியிருந்த எங்கள் தாத்தா காலத்துக் குடும்பங்கள் அநேகமாக யாரும் இப்போது அங்கே இல்லை. ஊஞ்சல் அக்கா கேட்ட கேள்வி, "யார் இருக்கிறார்கள் அங்கே", எனக்கு அதனால்தான் வலித்தது.

தேம்ஸ்கரை | செவ்வாய், பிற்பகல் 3.44

இங்கிலாந்து விவரம் சுருக்கமாக. இங்கே தேசியப் பட்டியல் ஒன்று, உள்ளூர் மன்றம் வைத்திருக்கும் பட்டியல் இன்னொன்று. தேசியப் பட்டியலில் உள்ள வீட்டில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் குற்றம். உள்ளூர்ப் பட்டியலுக்கு அந்தப் பல் கிடையாது. திட்ட அனுமதி கேட்டு வரும்போது மன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. இடிப்பதைத் தடுக்க மன்றம் தனியாக ஓர் ஆணை போட வேண்டும். "பட்டியல்" என்ற ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் வேறு பலம். உங்கள் ஊரில் எந்தப் பட்டியல், எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திண்ணைப்பேரன் | புதன், இரவு 9.50

நேற்று மாலை அத்தையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பட்டியல்ல போட்டா எனக்கு ராத்திரி பாத்ரூம் போக லைட் போட்டுக்கலாமாடா?" என்று கேட்டார். மேடம், உங்கள் பதிவு ஞாபகம் வந்தது.

பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். மறைக்காமல் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். "நூறு மீட்டருக்கு யாரும் கட்டடமே கட்ட முடியாதாமே, தெருக்காரங்க நம்மள வெட்டிப்போடுவாங்க" என்றார். இது உண்மையா? அண்ணன் சொன்ன இன்னொரு விஷயமும் நியாயம்தான்: பக்கத்து மனையில் எஃப்எஸ்ஐ 2 வரை, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப் பரப்பு வரை கட்டுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் ஒரு தளத்தோடு நிற்க வேண்டும், அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வார்கள் என்கிறார்.

குழிகளை அளந்தேன் ஐயா. கிழக்குப் பக்கம் 31 குழி. இடைவெளி ஏறக்குறைய ஒரு சாண், எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

கருப்புக்கோட்டு | புதன், இரவு 10.20

நூறு மீட்டர் விஷயம் வேறு சட்டம். 1958 தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் கொண்டுவந்த திருத்தம் அது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோயில், கோட்டை, கல்வெட்டு உள்ள இடங்களுக்கு. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ல் தனிச் சட்டம் இருக்கிறது. சிஎம்டிஏ பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இந்த இரண்டிலும் சேராது. உங்கள் வீடு அதில் ஏறினால் அடுத்த வீட்டுக்காரருக்கு இந்த நூறு மீட்டர் தடை வராது. பழைய கட்டடம் என்றாலே இந்தப் பயம் வந்துவிடுகிறது. அண்ணனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நஷ்டம் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மும்பையில் 1995 முதலே பாரம்பரியக் கட்டட விதிகள் உண்டு. கட்ட முடியாமல் போகும் பரப்பை உரிமையாக மாற்றி வேறு மனைக்கு விற்க வழி வைத்தார்கள். அந்த மாதிரி ஏதாவது கையில் வராதவரை உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கேள்விதான்.

காரைக்கரண்டி | வியாழன், காலை 6.30

31 குழி, ஒரே கோடு. தம்பி, இதைவிட நல்ல சான்று எந்த ஆவணத்திலும் கிடைக்காது. ஓட்டு வரிசையின் நுனி நூறு வருஷமாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதற்குக் கல்லே சாட்சி. கூரையை உயர்த்தியிருந்தாலோ, ஓட்டை மாற்றி மங்களூர் ஓடு போட்டிருந்தாலோ, குழி இரண்டு வரிசையாகவோ கலைந்தோ இருக்கும். மனுவில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

மனு எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று. "மிகப் பழமையான, கலைநயம் மிக்க வீடு" என்று எழுதுவார்கள். எல்லா மனுவிலும் அதே வரி. பார்க்க வரும் ஆளுக்கு என்ன பயன்? எது மிஞ்சியிருக்கிறது, எது மாறிப்போனது, எது கட்டாயம் நிற்க வேண்டும், எதை மாற்றினால் பரவாயில்லை என்று பிரித்து எழுதுங்கள். பிரபலமான யாரும் அங்கே பிறந்திருக்க வேண்டியதில்லை. கும்பகோணத்தில் ராமானுஜன் வீட்டை 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிக் காப்பாற்றியது, அது அவருக்காக. உங்கள் வீடு தெருவுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் நிற்கும். மும்பை மாதிரிப் பிரிவுகளில் முதல் தரம் என்றால் ஏறக்குறைய தொடவே முடியாது. மூன்றாம் தரம் தெருவின் தோற்றத்தை ஒட்டியது, உள்ளே கொஞ்சம் கை வீசலாம். அத்தைக்குக் குளியலறை கட்ட நினைத்தால் இரண்டாம் கட்டில், பின் சுவர் ஓரமாக, முற்றத்தைத் தொடாமல் ஓர் இடம் குறித்து, வரைபடத்திலேயே காட்டி அந்த மனுவோடு கொடுத்துவிடுங்கள். ஊஞ்சல் அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது. முன்னாலேயே எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது மாடி. மெட்ராஸ் டெரஸ் என்றீர்கள். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கலைக் குத்துவாட்டில், சாய்வாக, சுண்ணாம்பில் கோத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்த தளம் அது. அதன் மேல் யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா? ஒழுகுகிற இடத்தில் சுவரை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நல்ல காரை கெட்டியாகச் சத்தம் தரும். சிமென்ட் பூசிய இடம் பொத்தென்று கேட்கும், பின்னால் காரை சுவரை விட்டுக் கழன்றிருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழி இல்லாமல் உப்பாகப் பூத்துச் செங்கலையே மாவாக்கும். எத்தனையோ வீடுகள் "பலம் போச்சு" என்று இடிபட்டதற்குக் காரணம் வயசு இல்லை, பத்து மூட்டை சிமென்ட்.

கூடத்துஊஞ்சல் | வியாழன், காலை 11.10

நன்றி ஐயா. வரைபடத்தில் முன்னாலேயே காட்டலாம் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. திண்ணைப்பேரன், குளியலறைத் தரை கூடத்தோடு சமமாக இருக்கட்டும், படி வேண்டாம். சுவரில் பிடிக்க ஒரு கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தால் தள்ளித் திறக்க முடியாது. நான் கற்றுக்கொண்ட விலையில் இதைச் சொல்கிறேன்.

திண்ணைப்பேரன் | ஞாயிறு, மாலை 6.05

ஒரு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அண்ணன் வந்தார். நான் கூப்பிடவில்லை, அத்தை கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பிறகு டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீடு முழுக்க அளந்தோம். தாழ்வாரத்துத் தூண்களில் ஐந்தாவது மட்டும் வேறு மரம் என்று அத்தை சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கறையான் அரித்து மாற்றியதாம். பெயின்டில் யாருக்கும் தெரியாது. சுரண்டிப் பார்த்தோம், உண்மைதான். அதையும் மனுவில் எழுதிவிட்டேன்.

மாடியில் வடமேற்கு மூலையில் நீர்வாய் அடைத்து, கைப்பிடிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. அதற்கு நேர் கீழேதான் கூடத்தில் ஒழுகுகிறது. வருஷக்கணக்காக "பழைய வீடு, ஒழுகத்தான் செய்யும்" என்று பாத்திரம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அத்தை. தட்டிப் பார்த்ததில் அந்தச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பொத்தென்று கேட்கிறது. சிமென்ட்தான் ஐயா. அப்பா காலத்தில் நாங்களே பூசியது.

அண்ணன் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மாதம் புரமோட்டரிடம் பேச மாட்டேன், அதற்குள் பட்டியல் என்ன ஆகிறது, பழுதுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குக் காட்டு என்றார். பழுதில் பாதி தருவதாக அவராகவே சொன்னார். அத்தை கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டு, "பங்குதாரர் ஒருவரின் ஒப்புதல் நிலுவையில்" என்று அப்படியே எழுதியிருக்கிறேன். நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுத்து, கையோடு ரசீது வாங்கப்போகிறேன்.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, மாலை 6.22

ரசீதில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அத்தை கையெழுத்துப் போட்ட பக்கத்துக்கு ஒரு நகல் அவரிடமே இருக்கட்டும்.

காரைக்கரண்டி | ஞாயிறு, மாலை 7.40

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேரோடு சுவரும் வரும். தண்டை வெட்டிவிட்டு நிறுத்துங்கள். வேரை மேஸ்திரி காரையைத் திறந்து எடுக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல், சுண்ணாம்பு வேலை மட்டும் செய்பவர். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

திண்ணைப்பேரன் | ஞாயிறு, இரவு 9.15

பேசிவிட்டேன் ஐயா. வியாழக்கிழமை வருகிறார். கடுக்காயை உடைத்து ஊறப் போட்டு வைக்கச் சொன்னார். அத்தை கொல்லையில் பெரிய அண்டாவைக் கழுவி வைத்திருக்கிறார்.